எங்கள் வெலாசிட்டி உயர்ந்துவிட்டது, வேலை மட்டும் உயரவில்லை: ஒரு டீம் லீடின் கேள்விக்குப் பதில்

மதுரைப் புறநகரில் இயங்கும் மென்பொருள் நிறுவனமொன்றில் டீம் லீடாகவும், ஸ்க்ரம் என்ற குழுவேலை முறையை நடத்திக்கொடுக்கும் ஸ்க்ரம் மாஸ்டராகவும் பணிபுரியும் ஒரு சகோதரி நீண்ட மடல் எழுதியிருக்கிறார். அவரையும் அவருடைய நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய குழுவில் ஏழு பேர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக, மருந்துக் கிடங்குகளின் சரக்கிருப்பைக் கண்காணிக்கும் மென்பொருளை ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வாரத் தவணைகளாகப் பிரித்துச் செய்து வருகிறார்கள். முதல் ஆறு ஸ்பிரிண்டுகளில் அவர்களுடைய வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்பிரிண்டில் முடித்த வேலைகளின் மதிப்பீட்டுப் புள்ளிகளின் கூட்டுத்தொகை, 31, 27, 34, 18, 30, 29 என்று இருந்தது. அந்த 18, சித்திரைத் திருவிழா நடந்த ஸ்பிரிண்டில் வந்தது. இதைப் பார்த்த மேலாளர், சென்னையில் உள்ள குழு 60 புள்ளிகளைத் தாண்டும்போது மதுரைக் குழு பாதியில் நிற்பது ஏன் என்று கேட்டிருக்கிறார். இனி 20 சதவீதமாவது உயர வேண்டும், அப்ரைசல் எனும் பணி மதிப்பீட்டிலும் இந்த எண் பார்க்கப்படும் என்று அறிவித்திருக்கிறார். அடுத்த இரண்டு ஸ்பிரிண்டுகளில் எண் 38, 44 என்று ஏறிவிட்டது. மகிழ்ந்துபோன மேலாளர், பேக்லாகில், அதாவது இன்னும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், மீதமிருக்கும் 240 புள்ளிகளை 44 ஆல் வகுத்து, ஆறு ஸ்பிரிண்டில், அதாவது ஆயுத பூசையை ஒட்டி முடித்துத் தருவதாக வாடிக்கையாளரிடம் அடுத்த வாரம் சொல்லப்போகிறார். "முன்பு செய்ததைவிட அதிகமாக நாங்கள் எதையும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். இதை எப்படிச் சொல்வது? வெலாசிட்டியையே கைவிட்டுவிடலாமா? யார் எத்தனை புள்ளி முடித்தார் என்று நான் தனியாக ஓர் எக்செல் வைத்திருக்கிறேன், அது நன்றாக வேலை செய்பவர்களைக் காப்பாற்றாதா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மடலில் 'ஏமாற்றிவிட்டோம்' என்ற சொல்லை நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு கடுமையான சொல் வேண்டாம் என்பது என் கருத்து. நீங்களே விவரித்திருக்கும் அந்தத் திட்டமிடல் கூட்டத்தை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். காலாவதி தேதி நெருங்கும் மருந்துகளைப் பட்டியலிட்டுக் கிடங்குப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஸ்டோரி (தனியாகச் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலைக்கூறு) எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஏறக்குறைய இதே போன்ற ஒன்றுக்கு மார்ச் மாதக் கடைசியில் 3 புள்ளி போட்டவர்கள் இதே ஏழு பேர்தான். இப்போது ஆளுக்கொரு மதிப்பீட்டை மறைத்து வைத்திருந்த சீட்டுகளைத் திருப்பினால் ஐந்து பேர் கையில் 5, ஒருவர் கையில் 8. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத அந்த இளைஞர் மட்டும் 3-ஐக் காட்டிவிட்டு, சுற்றியிருந்த முகங்களைப் பார்த்ததும் "இல்லை, 5-தான்" என்று சீட்டை மாற்றிக்கொள்கிறார். கூடிப் பேசி யாரும் சதி செய்யவில்லை. அப்ரைசல் என்ற சொல் காதில் விழுந்த பிறகு, ஐயம் வரும் இடத்திலெல்லாம் கை தானாகவே பெரிய சீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். எந்த அளவீடும் இலக்காக மாறிவிட்டால் அளவீடாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்ற கருத்தைப் பொருளாதாரத்தில் குட்ஹார்ட் விதி என்பார்கள். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது அது. உங்கள் கூட்ட அறையில் நடந்ததும் அதுவே.

ஆனாலும் உங்கள் பங்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எண் வீங்குகிறது என்று தெரிந்தும் இரண்டு ஸ்பிரிண்டுகள் அதை அப்படியே அறிக்கையில் அனுப்பியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ள இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்பது ஆறுதல்.

முழமும் கிலோவும்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகையைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். அதே பூ தொடுக்கப்பட்டு மீனாட்சியம்மன் கோயில் வாசலுக்கு வரும்போது முழக் கணக்காகிவிடுகிறது. முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. பூக்கார அம்மாவின் கை எவ்வளவோ அவ்வளவு. நெருக்கிக் கட்டிய முழமும் உண்டு, நார் தெரியக் கட்டிய முழமும் உண்டு. ஒரே பூக்காரரிடம் நாள்தோறும் வாங்குகிறவருக்கு இதனால் எந்தச் சிக்கலும் இல்லை. அந்த அம்மாவின் இரண்டு முழம் தன் மகளின் சடைக்குப் போதும் என்று அவருக்குத் தெரியும். வடக்குக் கோபுர வாசலில் இருக்கும் பூக்காரரும் தெற்குக் கோபுர வாசலில் இருக்கும் பூக்காரரும் நாளொன்றுக்கு எத்தனை முழம் விற்றார்கள் என்று ஒப்பிட்டு யார் உழைப்பாளி என்று தீர்ப்புச் சொன்னால்தான் வம்பு. அதைவிடப் பெரிய வம்பு, "நாளையிலிருந்து இருபது சதவீதம் கூடுதலாக முழம் போட வேண்டும்" என்று உத்தரவிடுவது. பூ கூடாது, முழம்தான் குட்டையாகும்.

ஸ்டோரி பாயிண்ட் என்பது உங்கள் குழுவின் முழம். ஒரு சிறிய ஸ்டோரியை 1 அல்லது 2 என்று வைத்துக்கொண்டு, மற்றவை அதைப்போல எத்தனை மடங்கு பெரியவை என்று ஏழு பேரும் ஒப்பிட்டுச் சொல்லும் அளவு. ஒரு ஸ்பிரிண்டில் முழுமையாக முடிந்த ஸ்டோரிகளின் புள்ளிகளைக் கூட்டினால் கிடைப்பது வெலாசிட்டி. சென்னைக் குழு எதை 1 என்று வைத்துத் தொடங்கியது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் மேலாளருக்கும் தெரியாது. ஆகவே அவர்களுடைய 60-க்கும் உங்களுடைய 30-க்கும் நடுவே பெரிது, சிறிது என்ற குறி போடவே இடமில்லை. இதை மேலாளரிடம் தத்துவமாகப் பேசாமல், இரண்டு குழுக்களும் செய்த ஒரே மாதிரியான வேலை ஒன்றை, உள்நுழைவுப் பக்கமோ ஓர் அறிக்கையை எக்செல் கோப்பாகத் தரவிறக்கும் வசதியோ எதுவாகவும் இருக்கலாம், இரு தரப்பும் எத்தனை புள்ளி போட்டார்கள் என்று காட்டினால் போதும்.

இந்த இடத்தில் உங்கள் கணக்கு ஒன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. 1 புள்ளி என்றால் 4 மணி நேரம் என்று குழுவுக்குச் சொல்லிவைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏழு பேர், பத்து வேலைநாள், கூட்டங்கள் போக ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 420 மணி நேரம். 30 புள்ளியை நான்கால் பெருக்கினால் 120. மீதி 300 மணி நேரம் எங்கே போனது என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது. மணிக் கணக்கில் மதிப்பிட வேண்டுமென்றால் நேராக மணி நேரத்திலேயே மதிப்பிடுங்கள். புள்ளி என்ற முகமூடி எதற்கு? புள்ளியை வைத்துக்கொள்வதாக இருந்தால் அந்த வாய்ப்பாட்டை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

என் தவறும் ஒன்று உண்டு. 2013-இல், அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில், இரண்டு குழுக்களின் வெலாசிட்டியை ஒரே வெள்ளைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தேன். ஆரோக்கியமான போட்டி வரும் என்று நம்பினேன். மூன்றாவது ஸ்பிரிண்டிலேயே பின்தங்கியிருந்த குழு முந்திவிட்டது. எனக்கு ஒரே பெருமை. இரண்டு மாதம் கழித்து, மென்பொருளை வெளியிட்ட ரிலீஸ் இரவில் பழைய வசதிகள் ஒவ்வொன்றாக உடைந்தபோதுதான், அந்தக் குழு தானியங்கி டெஸ்ட் எழுதுவதையே நிறுத்திவிட்டிருந்தது எனக்குத் தெரிந்தது. டெஸ்ட் எழுதுவதற்குத் தனியாகப் புள்ளி கிடையாது அல்லவா. அந்தப் பலகையை நானே அழித்தேன்.

240-ஐ 44 ஆல் வகுக்கக் கூடாது

உங்கள் மடலில் நீங்கள் கவனிக்காமல் விட்ட, ஆனால் உங்களுக்கு மிகவும் உதவக்கூடிய செய்தி இதுதான் என்று நினைக்கிறேன். பேக்லாகில் இருக்கும் 240 புள்ளிகளை நீங்கள் மதிப்பிட்டது மார்ச் மாதத்தில், பழைய முழத்தில். 44 என்பது ஜூன் மாதத்து முழம். பழைய முழத்தில் அளந்ததைப் புது முழத்தால் வகுத்தால் வருகிற விடைக்கு எந்தப் பொருளும் இல்லை.

இதை உறுதி செய்ய நீங்கள் இணைத்திருக்கும், வேலைகளைப் பதிவுசெய்யும் ஜிரா மென்பொருளின் பட்டியலே போதுமானது. முதல் ஆறு ஸ்பிரிண்டுகளில் நீங்கள் முடித்த ஸ்டோரிகள் 9, 8, 10, 5, 9, 8, மொத்தம் 49. புள்ளிகள் மொத்தம் 169. ஆக, ஒரு ஸ்டோரிக்குச் சராசரி சுமார் 3.4 புள்ளி. கடைசி இரண்டு ஸ்பிரிண்டுகளிலும் முடிந்தவை ஒன்பது ஒன்பது ஸ்டோரிகள்தான். ஆனால் சராசரி முதலில் 4.2, பிறகு 4.9. ஸ்டோரிகள் பெரிதாகியிருக்கலாம் அல்லவா என்று மேலாளர் கேட்கக்கூடும்; கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பதினெட்டு ஸ்டோரிகளையும் எடுத்து, மார்ச் மாதத்தில் 2, 3, 8 என்று போட்ட மூன்று பழைய ஸ்டோரிகளை அளவுகோலாக அருகில் வைத்து, குழுவோடு ஒருமுறை மறுமதிப்பீடு செய்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். என் ஊகம், இரண்டு ஸ்பிரிண்டுகளும் 31-ஐ ஒட்டியே வந்து நிற்கும்.

இப்போது தேதிக்கு வருவோம். ஆறு ஸ்பிரிண்டுகளின் சராசரி 28. 240-ஐ அதால் வகுத்தால் எட்டரையைத் தாண்டுகிறது, எனவே ஒன்பது ஸ்பிரிண்ட், 18 வாரம். ஒரே எண்ணாகச் சொல்வதைவிட வீச்சாகச் சொல்வது நல்லது: நன்றாகப் போன மூன்று ஸ்பிரிண்டுகளின் சராசரி 31.7, அப்படியே எல்லாம் போனால் எட்டு ஸ்பிரிண்ட். மந்தமான மூன்றின் சராசரி 24.7, அப்படிப் போனால் பத்து ஸ்பிரிண்ட். ஆக, 16 முதல் 20 வாரம். மேலாளர் சொல்லப்போவது 12 வாரம். ஆயுத பூசைக்கு முடியும் என்று சொன்ன வேலை தீபாவளியை ஒட்டித்தான் முடியும், தீபாவளியையும் தாண்டலாம். இத்தோடு, வாடிக்கையாளர் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் சராசரியாக 4 புள்ளி அளவுக்குப் புதிய வேலை சேர்க்கிறார் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சிறிய செய்தி அன்று. 28 முடித்து 4 சேர்ந்தால் நிகரமாகக் குறைவது 24. அப்போது நடுத்தரக் கணக்கே பத்து ஸ்பிரிண்ட் ஆகிவிடும்.

சித்திரைத் திருவிழா ஸ்பிரிண்டின் 18-ஐ விதிவிலக்கு என்று நீக்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மதுரையில் எந்த அலுவலகத்தில் முழு ஆள் இருக்கிறது? வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அழகரைத் தெரியாது, ஆனால் அந்த வாரம் நான்கு பேர் விடுப்பு என்பதை ஸ்பிரிண்ட் தொடங்கும் முன்பே எழுதிச் சொன்னால் புரிந்துகொள்வார். அடுத்த ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு வேலை எடுப்பது என்று பார்க்கும்போது, யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கேற்ப எண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதத் தொலைவுக்குக் கணக்கிடும்போது அப்படிப்பட்ட வாரங்களும் உள்ளடங்கிய சராசரிதான் நம்பத்தகுந்தது, ஏனென்றால் வரப்போகும் ஸ்பிரிண்டுகளிலும் ஆயுத பூசை உண்டு, தீபாவளி உண்டு, யாருக்காவது காய்ச்சலும் உண்டு.

இதற்குத்தான் வெலாசிட்டி பயன்படும், ஏறக்குறைய இதற்கு மட்டுமே. எனவே அதைக் கைவிட வேண்டாம் என்பது உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில். கைவிட்டால் மேலாளரோடு பேசுவதற்கு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. வெறுங்கை முழம் போடுமா? அதே நேரத்தில், ஸ்க்ரம் முறையில் வெலாசிட்டி கட்டாயம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது சரியன்று. கென் ஸ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதிய ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பில் அந்தச் சொல்லே கிடையாது. ஸ்பிரிண்டில் எடுத்துக்கொள்ளும் வேலைகளைக் குழுவின் 'உறுதிமொழி' என்று சொல்லிவந்ததை மாற்றி, 'முன்கணிப்பு' என்று 2011-லேயே திருத்திவிட்டார்கள். வெலாசிட்டி வந்தது 1990-களின் இறுதியில் உருவான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறையிலிருந்து. நேற்று எவ்வளவு முடிந்ததோ அவ்வளவுதான் நாளையும் முடியும் என்று எடுத்துக்கொள்ளும் எளிய நம்பிக்கை அது. அந்த முறையின் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயிண்டைத் தாம் கண்டுபிடித்திருக்கக்கூடும் என்றும், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துவதாகவும் பிற்காலத்தில் எழுதினார். அவர் அளவுக்கு நான் போகமாட்டேன்.

பாதி முடிந்ததற்குப் பாதிப் புள்ளி

8 புள்ளி ஸ்டோரி 80 சதவீதம் முடிந்திருந்தால் 6 புள்ளி எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். முடியாத ஸ்டோரிக்குச் சுழியம். அடுத்த ஸ்பிரிண்டில் முடிந்ததும் முழு 8. இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்க்கும்போது சரியாகிவிடும். "எண்பது சதவீதம்" என்பது பெரும்பாலும் டெவலப்பரின் நல்லெண்ணத்தைத்தான் காட்டுகிறது. டெஸ்டர் கைக்குப் போன பிறகுதான் மீதி இருபதின் எடை தெரியும்.

ஆனால் இதைவிட முக்கியமான கேள்வி, ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் ஏன் இத்தனை ஸ்டோரிகள் பாதியில் நிற்கின்றன என்பது. எந்த நாளில் பார்த்தாலும், வேலைகளின் நிலையைக் காட்டும் பலகையில் 14 ஸ்டோரிகள் 'நடைபெறுகிறது' என்ற கட்டத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏழு பேருக்குப் பதினான்கு. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிறுவிய ஒரு விதி இருக்கிறது. வங்கி வரிசைக்கும் பொருந்தும், உங்கள் பலகைக்கும் பொருந்தும். உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் வெளியேறுபவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒன்று உள்ளே இருக்கும் சராசரிக் காலம் கிடைக்கும். நீங்கள் வாரத்துக்கு நாலரை ஸ்டோரி முடிக்கிறீர்கள். 14-ஐ நாலரையால் வகுத்தால் மூன்று வாரத்துக்கும் சற்று மேல். உங்கள் ஸ்பிரிண்டோ இரண்டு வாரம்! சராசரியாக மூன்று வாரம் எடுக்கும் ஸ்டோரி இரண்டு வார ஸ்பிரிண்டுக்குள் முடியவில்லை என்று, ஸ்பிரிண்ட் முடிவில் நடக்கும் ரெட்ரோ கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் வருந்துவதில் என்ன பயன்? கையில் இருப்பதை ஏழாகக் குறையுங்கள். வேகம் துளியும் கூடாவிட்டாலும் ஒரு ஸ்டோரி ஒன்றரை வாரத்தில் வெளியே வந்துவிடும். புதிய ஸ்டோரியைத் தொடங்கும் முன் டெஸ்டிங்கில் காத்துக்கிடப்பதை முடிக்க உதவ வேண்டும் என்ற ஒரே விதி போதும். மேலாளர் உண்மையிலேயே விரும்பும் வேகம் இந்த இடத்தில்தான் இருக்கிறது, புள்ளிகளில் இல்லை.

ஆளுக்கொரு கணக்கு

உங்கள் தனி எக்செலைப் பற்றி. நல்லெண்ணத்தோடு தொடங்கியிருக்கிறீர்கள், ஆனால் அது நீங்கள் காப்பாற்ற நினைப்பவர்களையே முதலில் காயப்படுத்தும். நீங்கள் அனுப்பிய தாளில் கடைசி இடத்தில், ஸ்பிரிண்டுக்கு 2 புள்ளியோடு இருப்பவர், குழுவிலேயே மிகுந்த அனுபவம் உள்ளவர். அவர் என்ன செய்கிறார் என்று மடலின் இன்னொரு பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: எல்லாருடைய நிரலையும் ரிவ்யூ செய்கிறார், சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கிறார், புதியவர்கள் சிக்கிக்கொண்டால் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அந்தத் தாள் மேலாளர் கையில் கிடைத்தால் அவர் என்ன ஆவார்? தாளைப் பற்றி அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து அவர் நாற்காலியை நகர்த்தமாட்டார், தன் ஸ்டோரியைப் பார்த்துக்கொள்வார். மற்றவர்களின் எண்ணும் அதோடு இறங்கும்.

அதே தாளில் முதலிடத்தில், 9 புள்ளியோடு இருப்பவர் அந்த இளைஞர். சீட்டை மாற்றிக்கொண்டவர், இரவு 11 மணி வரை அலுவலகத்தில் இருப்பவரும் அவரேதான். அவர் முடித்த ஸ்டோரிகளில் எத்தனை, பக் (பிழை) என்று திரும்பி வந்தன என்று பாருங்கள். அவர் சோம்பேறி என்றோ கவனமற்றவர் என்றோ சொல்லவில்லை. எண்ணைத் துரத்துகிறார், களைத்திருக்கிறார். ஸ்க்ரம் போன்ற முறைகளின் பொதுக் கொள்கைகளைச் சொல்லும் அஜைல் அறிக்கையை 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபர்ட் என்ற மலைவாழிடத்தில் கூடிய பதினேழு பேர் எழுதினார்கள். அதனுடன் உள்ள பன்னிரண்டு கொள்கைகளில் ஒன்று, எவ்வளவு காலமானாலும் தொடர்ந்து தாங்கக்கூடிய சீரான வேகம் வேண்டும் என்கிறது. நீங்கள் அவருடைய லீட். "ஏழு மணிக்குக் கிளம்பு தம்பி, மீதியை நாளை பார்க்கலாம்" என்று ஒருவர் சொல்ல வேண்டுமென்றால் அது நீங்கள்தான். அதைச் சொல்லும் உரிமைக்கு மேலாளரின் அனுமதி தேவையில்லை. இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தும் அவர் தூக்கமின்றி, உணவின்றி இருப்பதாகத் தெரிந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்கச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

அந்த எக்செலை நீங்கள் யாருக்கும் இன்னும் அனுப்பவில்லை என்றால் தொடர்வதை நிறுத்திவிடுங்கள். அப்ரைசலுக்கு ஆளுக்கொரு குறிப்புக் கேட்டால், ஒவ்வொருவரும் செய்ததை நான்கு வரியில் சொற்களால் எழுதுங்கள். கூடுதல் வேலைதான், எனினும் செய்யத் தகுந்த வேலை.

மேலாளரிடம் எப்படிப் பேசுவது

குழுக்களை ஒப்பிடுவது நியாயமற்றது என்று தொடங்காதீர்கள். நியாயத்தைப் பேசினால், குறைந்த எண் வாங்கியவர் சாக்குச் சொல்வதாகத்தான் காதில் விழும். தேதியைப் பேசுங்கள். வாடிக்கையாளரிடம் ஆயுத பூசை என்று சொல்லிவிட்டுத் தீபாவளிக்குக் கொடுத்தால் தலை குனிய வேண்டியவர் அவர்தான். அதைத் தடுக்கவே வந்திருக்கிறீர்கள் என்பது அவருக்குப் புரிய வேண்டும். ஒரே ஒரு தாள் எடுத்துச் செல்லுங்கள். மேலே எட்டு ஸ்பிரிண்டுகளின் புள்ளிகள், அதற்கு நேர்கீழே முடிந்த ஸ்டோரிகளின் எண்ணிக்கை, அதற்குக் கீழே ஒரு ஸ்டோரிக்குச் சராசரிப் புள்ளி. நீங்கள் விளக்க வேண்டிய தேவையே இருக்காது. மேல் வரி ஏறுகிறது, நடு வரி அசையவில்லை. பிறகு, "இலக்கு வந்த பிறகு எங்கள் மதிப்பீடு வீங்கிவிட்டது, இதை நான் போன மாதமே சொல்லியிருக்க வேண்டும்" என்று உங்கள் பங்கை நீங்களே சொல்லிவிடுங்கள். பிறர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது பலமடங்கு நல்லது.

சிக்கலை மட்டும் கொண்டுபோனால் பெரும்பாலான மேலாளர்கள் தூதுவரைத்தான் திட்டுவார்கள், எனவே மாற்று வழியோடு போங்கள். 12 வாரம் என்ற தேதி அசையக் கூடாதென்றால், ஆறு ஸ்பிரிண்டில் 28 வீதம் சுமார் 168 புள்ளி முடியும். 240-இல் எந்த 72 புள்ளியைப் பிந்திய ரிலீசுக்குத் தள்ளலாம் என்று வாடிக்கையாளரிடம் இப்போதே கேட்கலாம். மருந்துக் கிடங்குக்காரருக்குக் காலாவதி எச்சரிக்கை இன்றியமையாதது. அறிக்கைகளின் வண்ண வரைபடங்கள் ஜனவரியில் வந்தாலும் அவருக்கு ஒன்றும் கெட்டுவிடாது. இந்தக் கேள்வியைத் தொடக்கத்தில் கேட்டால் வாடிக்கையாளர் உங்களை மதிப்பார். பதினோராவது வாரத்தில் கேட்டால் நிலைமை வேறு. ஆட்களைச் சேர்த்துவிடலாமே என்று மேலாளர் சொன்னால், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார் என்று மட்டும் கேளுங்கள். நாற்காலியை நகர்த்திக்கொண்டு போகும் அதே மூத்தவர்தான், எனவே முதல் இரண்டு மூன்று ஸ்பிரிண்டுகளில் எண் இறங்கவே செய்யும்.

அவர் கேட்காமலும் போகலாம். அவருக்கு மேலே இருப்பவர் அவரை நெருக்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் குறைந்தபட்சம் இரண்டைக் கேட்டுப் பெறப் பாருங்கள்: வாடிக்கையாளரிடம் ஒற்றைத் தேதிக்குப் பதிலாக 16 முதல் 20 வாரம் என்ற வீச்சு, அப்ரைசலிலிருந்து வெலாசிட்டி விலக்கு. இரண்டும் கிடைக்காவிட்டால், பேசியதைச் சுருக்கி அன்றே அவருக்கு மரியாதையான மின்னஞ்சல் ஒன்று அனுப்பி வையுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "இன்று பேசியபடி, என் மதிப்பீடு ஒன்பது ஸ்பிரிண்ட்" என்ற அளவில் இருந்தால் போதும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். சில ஒப்பந்தங்களில் முடித்த புள்ளிக்கு இவ்வளவு என்று கட்டணம் நிர்ணயித்திருப்பார்கள். உங்கள் ஒப்பந்தம் அப்படியா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால், வீங்கிய புள்ளி என்பது வாடிக்கையாளருக்குப் போன தவறான பில். அந்த அறிக்கையில் இனி ஒருமுறைகூட உங்கள் பெயரில் கையொப்பம் வேண்டாம். திருத்தத்தை எழுத்தில் கேளுங்கள், தேவைப்பட்டால் வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். அது என் துறை அன்று.

கடைசியாக, சென்னைக் குழுவின் லீட் உங்கள் கல்லூரித் தோழி, அவரிடம் பேசலாமா, தவறாக எடுத்துக்கொள்வாரா என்று தயங்கியிருக்கிறீர்கள். இன்றைக்கே பேசுங்கள். எந்த ஸ்டோரிக்கு 3 போடுகிறீர்கள், உன் குழுவில் எத்தனை பேர், போன ஆண்டு இதே நேரத்தில் உன் எண் என்ன என்று கேளுங்கள். மதுரைக் குழுவைக் காட்டி அவரை யாராவது விரட்டிக்கொண்டிருந்தால்கூட நான் வியப்படையமாட்டேன். அப்படி இருந்தால், அந்த ஒற்றைத் தாளை இருவருமாகச் சேர்ந்து தயாரியுங்கள்.